கோழிக்குத் தாங்காத பயம்

இப்படித் தூண் ஓரமா வந்து உட்காருங்கம்மா. அங்கே வெயில் அடிக்குது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டுப் பேசுறேன்னு தப்பா நினைக்காதீங்க. உள்ளே இருக்கிறது என் மருமகள், கவுரி. உங்க பொண்ணுக்குப் பக்கத்துக் கட்டில். உங்க பொண்ணுக்கு வெந்நீர் கொண்டுபோனவங்க அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தீங்களாமே, ஆயா சொன்னாள். உங்க கைக்குப் புண்ணியம்.

காலையில் நடந்ததை நீங்களும் பார்த்தீங்கதானே? "கவுரி கூட யாரு வந்திருக்கா"ன்னு நர்ஸ் கூப்பிட்டாள். நான்தான்னு எழுந்து போனேன். வாசலில் என் தலை தெரிந்ததுதான் தாமதம், உள்ளே இருந்து ஒரு சத்தம் போட்டாளே, அது வலிச் சத்தம் இல்லைம்மா. வலிச் சத்தம் எனக்குத் தெரியாதா? நானும் பெற்றவள்தான். கதவை என் மூஞ்சியில் சாத்திட்டாங்க. அந்த நர்ஸ் பார்த்த பார்வை இருக்கே, மருமகளுக்குச் சூடு வைத்தவளைப் பார்க்கிற மாதிரி. நான் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கை நீட்டினதில்லை. சோறு ஆக்கி ஊட்டிவிடக் காத்துக் கிடக்கிறவள் நான்.

அவளுக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்லை. பயம். அதுவும் அவளுடைய பயம் இல்லை, வேற ஒருத்தனோட பயம். அதைத்தான் இவள் சுமந்துக்கிட்டு இருக்காள்.

விளங்கலையா? சொல்றேன். தலைச்சன் பிள்ளை, லேசில் வராது. நேரம் கிடக்கு.

எங்க பக்கம் என்னை ஊதுகார மாதம்மான்னு சொல்லுவாங்க. மலை அடிவாரம், ராகிக் கொல்லை, கல்லுப் பூமி. அங்கே வந்து யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவாங்க. நான் பயம் எடுக்கிறவள். பிள்ளைகள் தூக்கத்தில் அலறும், பெரியவங்க எதையாவது பார்த்து மிரண்டு சோறு தண்ணி இறங்காமல் கிடப்பாங்க இல்லையா, அவங்களை என்கிட்டே கூட்டிவருவாங்க. எதிர் எதிரே உட்காருவோம். மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்கு. அவங்க மூச்சை விடுவாங்க, அந்த மூச்சை நான் உள்ளே இழுப்பேன். பயம் அந்த மூச்சோடு வரும். வாயில் வந்து உட்காரும்போதே தெரியும், பித்தளைச் சொம்பை நக்கின மாதிரி ஒரு ருசி. அப்புறம் நான் மூச்சு விடக்கூடாது. அடக்கிக்கிட்டு, பக்கத்தில் கட்டியிருக்கிற கோழியைத் தூக்கி அதன் கொண்டையில் ஊதிவிடணும். பயம் கோழிக்குள்ளே போயிடும். ஆள் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவான்.

உசிருள்ள ஒண்ணு வேணும். கல்லில் ஊதினால் நிற்காது, மரத்தில் ஊதினால் நிற்காது. உசிர்தான் பயத்தை வாங்கும்.

அவன் எதற்குப் பயந்தானோ அதே பயம்தான் கோழிக்கும். மாறாது. கேளுங்க, ஒரு பிள்ளைக்கு இடி என்றால் பயம். எடுத்து ஒரு பொட்டைக் கோழிக்கு விட்டேன். அது வானத்தில் மேகம் கூடுறதுக்கு முன்னாடியே பானைக்குள் போய் ஒளிஞ்சுக்கும். தெருவே அதைப் பார்த்துத்தான் காயப்போட்ட ராகியை அள்ளும். இன்னொருத்தன், பேர் வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்சவனா இருந்தால் வம்பு, அவனுக்குப் பெண்டாட்டின்னா பயம். எடுத்துச் சேவலுக்கு ஊதினேன். அந்தச் சேவல் சாகிற வரைக்கும் ஒரு கோழி பக்கத்தில் போகலை. கூரை மேலேயே குடித்தனம். சிரிங்க, சிரிங்க. சிரிச்சால் நேரம் போகும்.

இதில் ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு, எதற்குப் பயம்னு கேட்கக்கூடாது. கேட்டால் அது எடுக்கிறவளிடமே தங்கிடும். அதனால் கேட்கிறதே இல்லை. கோழி பிற்பாடு காட்டிக்கொடுத்தால்தான் உண்டு. இன்னொண்ணு, முழுசா உறிஞ்சக் கூடாது. அடியில் ஒரு சிட்டிகை விட்டுடணும். மாட்டுக்காம்பில் கன்றுக்கு விடுகிற மாதிரி.

யாரது, கதவு திறக்கிற மாதிரி இருக்கே? ஓ, துடைக்கிறவளா. சரி.

எனக்கு ஒரே மகன். தீர்த்தகிரி. கிரின்னு கூப்பிடுவோம். அவங்க அப்பன் சின்ன வயசிலேயே போயிட்டான், நானும் இவனும்தான். கிணறு வெட்டுகிற ஆளுங்க செட்டில் வேலை. பாறையில் குழி போட்டு, மருந்து திணித்து, திரி வைத்து வெடிப்பாங்களே, அந்த வேலை. அவனை மாதிரி ஒரு தைரியசாலி எங்க பக்கத்தில் பிறக்கலை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. குழந்தையில் நாயைப் பார்த்து அழுதான், அன்னைக்கே எடுத்தேன். தண்ணியைப் பார்த்து மிரண்டான், எடுத்தேன். இருட்டு, பாம்பு, வாத்தியார், எது வந்தாலும் அன்றன்றைக்கே எடுத்துடுவேன். மற்றவங்களுக்குத்தான் சிட்டிகை விடுறது. பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயாவது மிச்சம் வைப்பாளா? வழித்து எடுத்தேன். எண்பதடி ஆழத்தில் கயிறு ஆடும்போது அவன் பாட்டுப் பாடிக்கிட்டே இறங்குவான். மற்றவங்க வாய் பார்ப்பாங்க.

வேடியப்பன்னு ஒருத்தன். அவன் கொல்லையில்தான் வேலை. வேடியப்பனைப் பற்றி என்ன சொல்றது. அவன் தெருவில் வந்தால் நாய் எழுந்து போகும். கூலிக்காரன் முதுகில் மண்வெட்டிக் காம்பை உடைச்சவன். பக்கத்துக் கொல்லைக்காரன் கிணற்றில் தண்ணி கண்டுடுச்சு, இவன் கிணற்றில் பாறை மேலே பாறை. அந்தப் பொறாமை ஒரு பக்கம். மருந்து வைக்க அனுமதி வாங்காமல் வேலை பார்க்கிற கள்ளத்தனம் ஒரு பக்கம்.

சித்திரை மாசம். வரிசையா வேட்டு வைத்தாங்க. எல்லாம் வெடிச்சது, ஒண்ணு வெடிக்கலை. அப்படி நின்று போச்சுன்னா செட்டுக்காரங்க இறங்க மாட்டாங்க. அது அவங்க சட்டம். தண்ணியை ஊற்றி, மறுநாள் வரைக்கும் விட்டுட்டுத்தான் கிட்டே போவாங்க. எல்லாரும் மேட்டில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துட்டாங்க. வேடியப்பன் வந்தான். ஒவ்வொருத்தனையா பார்த்துக் கேட்டான். ஒருத்தனும் அசையலை. அப்புறம் என் பிள்ளையைப் பார்த்து, "என்னடா, ஊதுகாரி மவனுக்குமா நடுங்குது?"ன்னான்.

கிரி சிரிச்சானாம். கூட இருந்தவங்க சொன்னது. "எனக்கு எதுக்குய்யா நடுங்கணும்"னு சொல்லிட்டு கிரேன் பக்கெட்டில் கால் வைத்தானாம்.

இறங்கினான். வெடிச்சது.

அதோட போயிருந்தால்கூட விதின்னு விட்டிருப்பேன்மா. சாகலை. உசிரோட கிடந்தான். இடுப்புக்குக் கீழே கல். மேலே இருந்து கூப்பிட்டால் பதில் சொன்னான். கிரேனை ஓட்டி ஆளை இறக்கணும் இல்லையா? வேடியப்பன் என்ன செய்தான் தெரியுமா? கிரேன் எஞ்சினைச் சுற்றி முடுக்கிற ஹேண்டிலைக் கழற்றி எடுத்துக்கிட்டான். இடுப்பில் சொருகிக்கிட்டான். ஆள் உசிரோட மேலே வந்தால் ஆஸ்பத்திரி, போலீஸ், வெடிமருந்து எங்கே வாங்கினான்னு கேள்வி. செத்தால் கல் உருண்டுச்சுன்னு முடிச்சுடலாம். "உள்ள இன்னொரு வேட்டு இருக்கு, எவனும் போகக் கூடாது"ன்னு அவன் ஆட்களை நிறுத்தி வைத்தான். இன்னொரு வேட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. செட்டுக்காரங்க வேற ஊரில் இருந்து கிரேன் கொண்டுவர ஓடினாங்க.

நான் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். இருட்டு. "சாமி, பயப்படாதே, அம்மா வந்துட்டேன்"னு கத்தினேன்.

"பயமே இல்லம்மா"ன்னான்.

எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். பயமே இல்லம்மா. பொழுது சாய்கிற வரைக்கும் சொன்னான். அப்புறம் சொல்லலை. வெளியூர்க் கிரேன் வந்தது, மேலே எடுத்தாங்க. சாகும்போதுகூட என் பிள்ளை பயப்படலை. அதைச் சொல்லித்தான் நான் இன்னும் நடமாடிக்கிட்டு இருக்கேன்.

அங்கே நிற்கும்போது நான் வேடியப்பனிடம் ஒண்ணும் பேசலை. மண்ணை வாரித் தூற்றலை, சாபம் விடலை. எல்லாரும் அதிசயப்பட்டாங்க. எழுந்து நின்று அவனைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் அவன் மகன் நின்றான், காலேஜ் படிக்கிற பிள்ளை. ரெண்டு பேரையும் பார்த்தேன். அவ்வளவுதான். சும்மா பார்த்தேன்.

போலீசெல்லாம் வந்தது. கல் உருண்டுச்சுன்னு எழுதிக்கிட்டுப் போனது.

அதற்கப்புறம்தான் வேடியப்பனுக்கு ஆரம்பிச்சது. பயம். முதலில் கொல்லைக்குப் போறதை நிறுத்தினான். அப்புறம் தெருவுக்கு வர்றதை நிறுத்தினான். அப்புறம் வீட்டுக்குள்ளேயே, மூலையில், போர்வைக்குள். மகனைக் காலேஜுக்கு அனுப்பலை, ரூமில் வைத்துப் பூட்டிட்டானாம். அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிற்குமாம். வீட்டில் யார் நடந்தாலும் "யாரு, யாரு"ன்னு கேட்பானாம். டாக்டர் ஊசி போட்டார், கோயிலில் மந்திரிச்சாங்க, தர்காவில் ஓதினாங்க. ஒண்ணும் கேட்கலை.

வைகாசியில் அவன் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து விழுந்தாள். வெட்கம் மானம் பார்க்காமல் விழுந்தாள். "உங்க காலு செருப்பா இருக்கேன், அவருக்கு எடுத்து வுடுங்க"ன்னாள்.

என் சொந்தக்காரங்க கொதிச்சாங்க. போகாதே, கிடந்து சாகட்டும்னாங்க. ஒரு கிழவர், இருக்கிற கோழிகளின் பயத்தையெல்லாம் சேர்த்து அவனுக்கே ஊதிவிட்டு வான்னார். நான் யோசித்தேன். பயம் இருக்கிறவன் சாக மாட்டான்மா. அதுதான் விஷயம். பயந்தவன் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பான். மூலையில் கிடந்தே நூறு வயசு இருப்பான். பயம்தான் ஆளைக் கொல்லாமல் வைத்திருக்கு. பாம்பைக் கண்டால் பின்வாங்கச் சொல்றது அது, பள்ளத்தைக் கண்டால் நில்லுன்னு சொல்றது அது. அதைத் துளிகூட இல்லாமல் வழித்து எடுத்துட்டால்? அவனை யாரும் கொல்ல வேண்டாம். அவனே போய்ச் செத்துடுவான்.

"வரச் சொல்லு"ன்னேன்.

என்ன கேட்டீங்க? என் மகனா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் தைரியசாலி. அவனைக் கொன்றது வேடியப்பன். நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? நீங்க கவனிச்சுக் கேட்கலை போல.

சரி, விடுங்க. உங்க கவனமும் உள்ளேதானே இருக்கும்.

டெம்போவில் போர்வையைச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினாங்க. ஆள் பாதியா இளைச்சிருந்தான். தலை தூக்கலை. எதிரே உட்கார வைத்தால் பற்கள் அடிக்குது. கண்ணில் துண்டு கட்டினால்தான் உட்காருவேன்னு அடம். கட்டினாங்க. எதற்குப் பயம்னு நான் கேட்கலை. முறை. கிரி நினைப்பா இருக்கும், பேய் பிசாசா இருக்கும்னு விட்டுட்டேன்.

மூச்சை இழுத்தேன். அம்மா, நானும் எத்தனையோ பேருக்கு எடுத்தவள். இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. கிணற்றில் கயிறு இழுக்கிற மாதிரி வந்துக்கிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. வழக்கமா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தலை. அடி வரைக்கும் இழுத்தேன். சிட்டிகை என்ன, வாசனைகூட விடலை. அவன் உடம்பு தளர்ந்து, நடுக்கம் நின்று, போர்வை தோளில் இருந்து நழுவிச்சு. என் வாய் முழுக்கப் பித்தளை.

கோழியைத் தூக்கி ஊதினேன். ஊதினதுமே கோழி செத்துப் போச்சு. கையிலேயே. பாதிகூட இறங்கலை. மீதி எனக்குள்ளே நிற்குது. மூச்சு முட்டுது, கண் இருட்டுது. விட்டால் எனக்கே திரும்பிடும். சுற்றிப் பார்த்தேன். ஆடு கட்டியிருந்தது, ஆனால் சினை ஆடு. சினையா இருக்கிறதுக்குப் பயத்தை ஊதலாமா, பாவம் இல்லையா? குட்டிக்கும் இறங்கிடுமே. வேடியப்பன் வீட்டு ஆளுங்க எல்லாரும் வாசலுக்கு வெளியே. பக்கத்தில் தண்ணிச் சொம்பை வைத்துக்கிட்டு கவுரி நின்றாள். எப்பவும் அவள்தான் எனக்குத் தண்ணி கொடுப்பாள்.

நான் என்ன செய்ய? நம்ம வீட்டுப் பொண்ணு. புருஷனுக்காக இதைக்கூடத் தாங்க மாட்டாளா? ஊதினேன்.

சொம்பு கீழே விழுந்தது. அவள் அப்படியே சுவரோடு சுவரா ஒட்டிப் போனாள்.

அந்தப் பக்கம் வேடியப்பன் துண்டை அவிழ்த்துப் போட்டான். என்னைப் பார்த்தான். சிரிச்சான். "ஏ கிழவி, குடிக்க ஏதாச்சும் இருக்கா?"ன்னான். மாப்பிள்ளை மாதிரி கைவீசி நடந்து போனான்.

கொஞ்ச நாளைக்கு எனக்கே வயிறு எரிஞ்சது. அவன் முன்னைவிட மோசமானான். போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே ஒருத்தன் கையை முறிச்சான். பெண்டாட்டியை மாட்டுத் தொழுவத்தில் கட்டிவைத்தான். முன்னே போலீசுக்கு, ஊருக்குன்னு எதற்காவது கொஞ்சம் தயங்குவான். இப்போ அதுவும் இல்லை. அந்தப் பெண்டாட்டி மறுபடி என்கிட்டே வந்தாள், வீங்கின முகத்தோடு. "கொஞ்சமாச்சும் திருப்பி வுடுங்க"ன்னு அழுதாள். எடுக்கச் சொன்னது நீதானேன்னு அனுப்பிவிட்டேன். எனக்கென்ன, நான் கேட்டதைத்தானே செய்தேன்.

ஆடியில்தான் பக்கத்து வீட்டு நவமணி வந்து சொன்னாள், கவுரி முழுகாமல் இருக்காள்னு. கிரி போகிறதுக்கு முன்னாடியே நாள் தள்ளிப் போயிருக்கு. தாலி இறக்கின வீட்டில் எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காள். என்கிட்டே சொல்லியிருந்தால்? ஆட்டுக்கு வயிறு தெரிஞ்சது. இவளுக்குத் தெரியலை. அது என் தப்பா?

ஆனால் கேட்டதும் நான் தரையில் விழுந்து கும்பிட்டேன்மா. என் கிரி திரும்பி வர்றான். எனக்கு வேற யாரு இருக்கா? அந்தப் பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்கினால் போதும், இந்தக் கட்டை வேகும். அதற்காகத்தான் இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கேன்.

வேடியப்பன் கதையைக் கேட்கிறீங்களா? ஐப்பசியில் முடிஞ்சது. ராகி முற்றிக் கிடந்தது. விடியற்காலையில் காட்டில் இருந்து ஒற்றைக் கொம்பன் யானை இறங்கி அவன் கொல்லையில் மேயுது. காவல்காரங்க பரணில் இருந்துக்கிட்டு தகரம் தட்டுறாங்க, வெடி போடுறாங்க, ஒருத்தனும் கீழே இறங்கலை. இவன் தோளில் துண்டோடு வரப்பில் நடந்து நேரே போயிருக்கான். "எவன் கொல்லையிலடா மேயற? இறங்குடா"ன்னு கூலிக்காரனை அதட்டுகிற மாதிரி அதட்டினானாம். யானையே ஒரு நிமிஷம் திகைச்சுப் போய்ப் பின்னால் ஒரு அடி வைத்ததாம். பரணில் இருந்தவங்க சொன்னது. இவன் அதன் தும்பிக்கையில் துண்டால் அடிச்சிருக்கான்.

அவ்வளவுதான். அள்ளித்தான் கொண்டுவந்தாங்க.

அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். ஊர் ஆயிரம் சொல்லும். நான் அவனை ஒரு விரலால் தொடலை. நோய்னு வந்தான், தீர்த்துவிட்டேன்.

ஆனால் இவள். இவள் மட்டும் தெளியலை. அவன் செத்தால் அவன் பயமும் செத்துடும்னு நினைத்தேன், இல்லை. நான் வீட்டுக்குள்ளே வந்தால் இவள் குதிருக்குப் பின்னால் போயிடுவாள். நான் ஆக்கின சோற்றைத் தொட மாட்டாள். நவமணி வீட்டில் வாங்கிச் சாப்பிடுவாள். வயிற்றை ரெண்டு கையாலும் மூடிக்கிட்டுத் தூங்குவாள். நான் அவளுக்கு எடுத்துவிடலாம்னா கிட்டே போக முடியலை. கிட்டே போனால் மயங்கி விழுறாள். அம்மா வீடும் இல்லை அவளுக்கு, தாய் செத்து அப்பன் வேற கட்டிக்கிட்டான். வலி வந்ததும் நவமணிதான் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்துட்டு வேலைக்குப் போனாள். நான் பின்னால் பஸ்ஸில் வந்தேன், திருடி மாதிரி.

எதற்கு இப்படி மிரளுறாள்? அதுதான் எனக்குப் பிடிபடலை. கிணற்றைக் கண்டு மிரளலை. இருட்டைக் கண்டு மிரளலை. யானைச் சத்தம் கேட்டால்கூட எழுந்து பார்க்கிறாள்.

அம்மா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க. உங்க பொண்ணுக்கா? இல்லை, கவுரி கூப்பிடுறாள்னு சொல்றாள். போங்க, போங்க. அவளிடம் கேட்டுப் பாருங்க, நான் ஒரு தடவை வந்து தலையைத் தடவிட்டுப் போகட்டுமான்னு. நீங்க கேட்டால் சொல்லுவாள்.

...

வந்துட்டீங்களா? என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு? நல்லாத்தானே இருக்காள்? என்ன சொன்னாள்?

சொல்லுங்கம்மா. எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

யாரு? கிணற்று மேட்டில் ஒரு பொம்பளையா? பேசாமல் பார்த்துக்கிட்டு நிற்கிறாளா? எப்பவுமா, கண்ணை மூடினாலும் திறந்தாலும்?

பிள்ளைக்குப் பிள்ளை எடுத்துக்குவேன்னு அவள் பார்க்கிறாளாம். வயிற்றில் இருக்கிறதை எடுத்துக்கிட்டுப் போக வர்றாளாம். யாரு அவள்? முகம் தெரியுதாமா?

இருங்க. மறுபடி சொல்லுங்க.

அத்தை முகமா? என் முகமா?

அப்போ அவன் என்னைப் பார்த்துத்தான் நடுங்கினானா? அந்த வேடியப்பன்? தெருநாய் எழுந்து ஓடுகிற வேடியப்பன், இந்தக் கிழவியைப் பார்த்து? அதுதான் துண்டு கட்டச் சொன்னானா? அதுதான் மகனைப் பூட்டினானா? நான் ஒரு வார்த்தை சொல்லலையே. சும்மாத்தானே பார்த்தேன். அவன் பையனை எடுத்துக்கணும்னு நினைச்சேனான்னா... நினைச்சிருப்பேன். அந்த நேரத்தில் எந்தத் தாய் நினைக்க மாட்டாள்? நினைச்சது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்களேன். என் கிரி, கேட்டியாடா? உன் அம்மாவைப் பார்த்து அவன் செத்துச் செத்துப் பிழைச்சிருக்கான்டா.

சிரிப்பு வருதும்மா எனக்கு. அழுகையும் வருது. என்னன்னு தெரியலை.

இருங்க, சத்தம். அதுதானே? பிள்ளைச் சத்தம்தானே? எங்க பிள்ளைதான். கேளுங்க, எப்படிக் கத்துது, கிரி இப்படித்தான் கத்தினான். கதவைத் திறக்கிறாங்க. ஏம்மா நர்சு, நான்தான், நான்தான் பாட்டி.

ஏன் அவங்க கையில் கொடுக்கிறீங்க? கவுரி சொன்னாளா? அந்தம்மாவிடம்தான் கொடுக்கணும்னா? சரி. சரி. வாங்கிக்கோங்க. உங்க கையும் நல்ல கைதான். ஆணா? ஆண் பிள்ளையா!

கொஞ்சம் இப்படித் திருப்புங்க. முகத்தைப் பார்க்கிறேன்.

ஏன் சத்தத்தை நிறுத்திட்டான்?

கை காலெல்லாம் விறைக்குதே. கண்ணைப் பாருங்க, கண்ணைப் பாருங்க. பிறந்த பிள்ளை இப்படிப் பார்க்குமா? மூச்சு விடுறானா? நான் தள்ளிப் போறேன், இருங்க. இந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிறேன். முக்காடு போட்டுக்கிறேன். இப்போ? இப்போ அழுறான், இல்லையா? அழட்டும், அழட்டும். அழுதால் சரி.

மூக்கு எப்படி இருக்கும்மா? நுனியில் கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கா? நீங்க பார்த்துச் சொல்லுங்க, நான் திரும்பலை.

தூக்கினாப்லதானா. அவன்தான். என் பிள்ளைதான்.

இப்படி ஒரு உசிருக்குள்ளே அந்தப் பாவியோட பயம் கிடக்கலாமா? சொல்லுங்க. என்னால் இதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. பெரியவங்களுக்குத்தான் நேரம் ஆகும். பச்சைப் பிள்ளைக்கு ஒரு மூச்சு போதும். இவங்க அப்பனுக்கு எடுத்த மாதிரியே எடுத்துடுவேன். துளி மிச்சம் வைக்க மாட்டேன். எதற்கும் அஞ்சாமல் வளருவான், பாட்டுப் பாடிக்கிட்டே இறங்குவான், ஊரே வாய் பார்க்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகிற வரைக்கும்தான் மிரளுவான். உங்க முந்தானையால் அவன் கண்ணை மூடிக்கோங்க.

கோழி இங்கே எங்கே போய்த் தேடுறது? தேட வேண்டாம். நீங்க இருக்கீங்களே. காலையில் இருந்து பார்க்கிறேன், பதற்றம் இல்லாத மனசு உங்களுக்கு. கொஞ்சூண்டு பயம்தான், பிஞ்சு உடம்பில் எவ்வளவு இருந்துடும்? உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. இனிமேல் உங்க வழி வேற, என் வழி வேற. என் முகத்தை நீங்க மறுபடி பார்க்கவா போறீங்க?

கொடுங்க இப்படி. நான் திரும்புறேன்.

ஏம்மா, எங்கே போறீங்க? அம்மா, பிள்ளையைக் கொடுத்துட்டுப் போங்க. ஏன் ஓடுறீங்க?